ஒரு நூல் இடைவெளி

போன் அலறியது!

இன்ஸ்பெக்டர் எடுத்தாள். மறுமுனையில் ஒரு பெண்ணின் அழுகை.

"மேடம்... புருஷனைப் பறிகொடுத்துட்டு நிக்கிறேன். இப்ப என் தம்பியையும் கோர்ட்டுக்கு அனுப்பப் போறீங்களாமே? மாமா மாமான்னு அவரையே சுத்தி வந்தவன் மேடம் அவன்!"

"சாயந்தரம் வரைக்கும் டைம் இருக்கும்மா. பார்க்கறேன்."

ரிசீவரை வைத்தபோது மனசு கனத்தது. தம்பிக்காரனைக் கைது செய்தவளே அவள்தான்!

செத்துப் போனவர் துப்பாக்கி சுடும் கிளப்பின் கோச். ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தபடி, முதுகில் குண்டு. அந்தக் குண்டில் துப்பாக்கி பதித்திருந்த வரிகள், அவர் மச்சானான இந்தத் தம்பியின் ரிவால்வரோடு அச்சு அசலாகப் பொருந்தின. 'அது கிளப் லாக்கர்லதான் இருந்துச்சு' என்று அவன் தலையில் அடித்துக்கொண்டான். யார் நம்புவார்கள்?

ஆனால் இன்று காலை லேப் ஆபீசர் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார்.

"வரியெல்லாம் சரி மேடம். ஆனா பாடியில எடுத்த குண்டு, ஒரு பக்கம் செதுக்கின மாதிரி இருக்கு. அதே ரிவால்வர்ல நாங்க சுட்டுப் பார்த்த குண்டெல்லாம் மழமழன்னு இருக்கு!"

ஜீப் கிளப்பை நோக்கிப் பறந்தது.

ஒர்க்‌ஷாப்பில் எண்ணெய் வாடை. கிளப் மெக்கானிக் எழுந்து நின்றான். 'மில்லிமீட்டர்' என்றால்தான் அவனைத் தெரியும். எதையும் அளக்காமல் தொட மாட்டான்.

கூட வந்த ஏட்டு வாசலிலேயே நின்றுகொண்டார்.

"கோச்சோட மச்சான் வச்சிருக்கற ரிவால்வர் மாடல்ல பேரல் எப்படி இருக்கும்?"

"ரெண்டு பீஸ் மேடம்."

அதே மாடலான தன் சொந்த ரிவால்வரை எடுத்தான். காலி என்று காட்டினான். முனையிலிருந்த நட்டைக் கழற்ற, வெளிக்கூடு தனியாக வந்தது. உள்ளே மெல்லிசாக ஒரு குழாய்.

"வரி இருக்கறது இந்தக் குழாய்ல. கூட்டை மாட்டி நட்டை முறுக்கினா, குழாய் விறைப்பா இழுத்து நிக்கும். குறி தப்பாது. தேஞ்சு போனா குழாயை மட்டும் மாத்திக்கலாம்."

"குறையே கிடையாதா?"

"இல்லாம என்ன? கழட்ட தனி ஸ்பேனர் வேணும். நட்டு லூஸ் ஆனா குறி எங்கேயோ போகும். குழாய்க்கும் சிலிண்டருக்கும் நடுவுல ஒரு நூல் இடைவெளி விடணும். கூடினா பக்கவாட்டுல நெருப்பு சீறும். இல்லவே இல்லன்னா சிலிண்டர் சுத்தாது. அதனால இந்த மெல்லிசுத் தகட்டை நடுவுல விட்டு அளந்துதான் முறுக்கணும்."

"ஒருத்தன் குழாயை இன்னொருத்தன் ரிவால்வர்ல மாட்டலாமா?"

"தாராளமா! அஞ்சு நிமிஷ வே..."

நாக்கைக் கடித்துக்கொண்டான்.

இன்ஸ்பெக்டருக்குப் பொறி தட்டியது. குழாய் மச்சானுடையது... சுட்ட ரிவால்வர் வேறொருவனுடையது! ரிவால்வரை லாக்கரிலேயே விட்டுவிட்டுக் குழாயை மட்டும் எடுத்திருக்கிறான். அதன் சிலிண்டர் குழாய்க்கு நேராக நிற்கவில்லை. நுழையும்போதே குண்டு செதுக்கப்பட்டிருக்கிறது!

"கிளப்ல எல்லார்கிட்டயும் இதே மாடல்தான் மேடம்" என்று அவசரமாகச் சமாளித்தான்.

"இருக்கட்டும். கொடுங்க, நான் மாட்டிப் பார்க்கறேன்." குழாயைத் திருகிக்கொண்டே கேட்டாள். "கோச்சோட மச்சான் இடைவெளி அளப்பானா?"

"அவனா? எல்லாம் கண்ணளவுதான். நெருப்பு சீறும்னு பக்கத்துல எவனும் நிக்க மாட்டான்!"

"லேப்ல சுட்டப்ப ஒரு பொறிகூட சீறலையாம்."

மெக்கானிக்கின் கண் வாசல் பக்கம் போனது.

நட்டை இறுக்கி முடித்தாள். "கொலைக்கு அப்புறம் குழாயைத் திருப்பி மாட்டினவன், பழக்க தோஷத்துல அளந்து மாட்டியிருக்கான். இந்தக் கிளப்ல அளக்கற ஆளு ஒருத்தன்தானே... மில்லிமீட்டர்?"

வெடுக்!

ரிவால்வரைப் பிடுங்கினான். பையிலிருந்து ஒரு தோட்டா... சிலிண்டரை உள்ளங்கையால் ஓங்கித் தள்ளி மூடினான். அவள் உறையின் பட்டனை அவிழ்ப்பதற்குள் முனை நெற்றிக்கு நேராக நின்றது!

"கையை எடு! கிளப் தோட்டாவை வெளியில வித்தேன். கோச் மோப்பம் பிடிச்சுட்டான். அவன் போன இடத்துக்கே நீயும் போ!"

விசையை அழுத்தினான்.

அசையவில்லை.

மறுபடி... மறுபடி... சிலிண்டர் கல்லாக நின்றது!

அவள் கையில் இப்போது பிஸ்டல்.

"இடைவெளியே விடாம முறுக்கிட்டேன். குழாய் சிலிண்டரை முட்டிக்கிட்டு நிக்குது. வேணும்னேதான் பண்ணேன். உன் கைக்கு எட்டற தூரத்துல இதைச் சரியா மாட்டி வைக்க நான் என்ன முட்டாளா?"

ஆயுசில் முதல் தடவையாக, அவன் அளக்காமல் விட்டிருந்தான்.

ஏட்டு பாய்ந்து வந்து அவனை மடக்கினார். இன்ஸ்பெக்டர் செல்லை எடுத்தாள்.

"அம்மா... சாயந்தரம் உங்க தம்பி கோர்ட்டுக்குப் போகல. வீட்டுக்கு வர்றான்."



ஏட்டு விலங்கை மாட்டி, இழுத்துப் பார்த்துவிட்டு மெக்கானிக்கிடம் சொன்னார்.

"இதுவும் ரெண்டு பீஸ்தான் தம்பி. ஆனா லூஸ் ஆகிடுங்கற குறை மட்டும் இதுல கிடையாது!"