வரிக்கு முன்னால் ஒரு இடைவெளி

செல்போன் அலறியது.

கணவன்.

"உடனே ஆபீசுக்கு வா. மேலாளர சர்வர் ரூம்ல யாரோ மண்டையில அடிச்சுக் கொன்னுட்டாங்க. உன் தம்பியப் பிடிச்சு வச்சிருக்காங்க."

அவள் அப்படியே கிளம்பினாள்.

தம்பியும் கணவனும் வேலை பார்க்கும் அதே அலுவலகத்தில்தான் இரண்டு வருடம் முன்பு வரை அவளும் இருந்தாள். மவுசைத் தொடவே மாட்டாள். கறுப்புத் திரையில் கட்டளை தட்டியே சகலத்தையும் முடிப்பாள். ஆயிரம் கோப்புகளுக்குப் பெயர் மாற்ற மற்றவர்கள் நாள் முழுக்க மல்லுக்கட்டுவார்கள். அவளுக்கு ஒரு வரி போதும். 'கறுப்புத்திரை' என்றே அவளுக்குப் பெயர் வைத்திருந்தார்கள்.

சர்வர் ரூமில் உடலை எடுத்துவிட்டிருந்தார்கள். தரையில் சாக்பீஸ் கோடு... பக்கத்தில் நசுங்கிய மூக்குக்கண்ணாடி.

இன்ஸ்பெக்டர் சுற்றி வளைக்கவில்லை.

"காலையில ஒன்பதரைக்கு உங்க தம்பிக்கும் அவருக்கும் வாய்ச்சண்டை. மாடி முழுக்கக் கேட்டிருக்கு. ஒன்பதரைலேர்ந்து பதினொண்ணுக்குள்ள செத்திருக்கார்ங்கறார் டாக்டர். இந்த ரூமோட இன்னிக்குக் கேமரா பதிவு மொத்தமும் காணோம்."

"அவன் கோவக்காரன் சார். ஆனா கொலை பண்றவன் இல்ல."

"எல்லா அக்காவும் இதத்தான் சொல்றாங்க. எங்க நிபுணர் நாளைக்குத்தான் வருவார். மூணு மணிக்கு நான் உங்க தம்பிய கோர்ட்ல நிறுத்தணும். இந்தக் கம்ப்யூட்டர் பெட்டிய இயக்கத் தெரிஞ்சவங்க நீங்கதானாம். அவனுக்குச் சாதகமா ஏதாவது இருந்தா காட்டுங்க."

அதற்குள் இன்ஸ்பெக்டரின் போன் ஒலித்தது.

"கேட்டுலேர்ந்தா? இரு, வர்றேன்."

கான்ஸ்டபிளை வாசலில் நிறுத்திவிட்டு வெளியேறினார்.

அவள் உட்கார்ந்தாள். அந்த ரூம் கேமராவின் பதிவுகளை மட்டும் சேர்த்து வைக்கும் பழைய கணினி அது. வெளியிலிருந்து எந்த இணைப்பும் கிடையாது. அழித்தவன் இதே நாற்காலியில் உட்கார்ந்துதான் அழித்திருக்க வேண்டும்.

தட்டப்படும் ஒவ்வொரு கட்டளையையும் கணினி ஒரு குறிப்பில் எழுதி வைக்கும். திறந்தாள்.

கடைசி மூன்று வரிகள்... கேமரா பதிவு இருக்கும் இடத்துக்குப் போனது. இன்றைய கோப்புகளைத் தேடியது. அழித்தது.

மூன்று வரிக்கும் முன்னால் ஒரு இடைவெளி!

அது அவளுடைய வித்தை. சாப்பாட்டு மேசையில் வைத்துத் தம்பிக்கு அவளே சொல்லித் தந்தது.

"கட்டளைக்கு முன்னால ஒரு ஸ்பேஸ் தட்டுடா. குறிப்புல ஏறாது."

எதிரே ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்த கணவன்கூடச் சிரித்தான். "அக்காவும் தம்பியும் திருட்டுத் தொழில் பழகறீங்களா?"

அதற்கான வசதியை முன்பே போட்டு வைத்த கணினியில்தான் வித்தை பலிக்கும். இந்தக் கணினியில் யாரும் போட்டு வைக்கவில்லை. மறைக்க நினைத்தவனை அந்த இடைவெளியே காட்டிக் கொடுத்துவிட்டது.

பாவி... என்ன காரியம்டா பண்ணிட்ட?

போன் அதிர்ந்தது. கணவன்.

"ஏதாவது கிடைச்சுதா?"

"..."

"ஏன் பேச மாட்டேங்கற? அவன்தானா?"

"வரிக்கு வரி ஸ்பேஸ் இருக்குங்க."

"அப்ப அழிச்சுடு. அம்மா அப்பா போனப்புறம் அவனுக்கு உன்ன விட்டா யாரு இருக்கா?"

வைத்துவிட்டான்.

ஒவ்வொரு வரிக்கும் மேலே ஒரு பத்து இலக்க எண் இருந்தது. அந்தக் கட்டளை தட்டப்பட்ட நேரம். நொடிக் கணக்கில் இருக்கும். அதை மணி, நிமிஷமாக மாற்ற ஒரே ஒரு வரி போதும். தினம் பத்து தடவை அவள் தட்டிய வரிதான்.

இன்று தட்டவில்லை. ஆளே தெரிந்த பிறகு நேரம் எதற்கு?

அந்தக் குறிப்பை வெறுமனே அழித்தால் நாளைக்கு வரும் நிபுணர் தோண்டி எடுத்துவிடுவார். அதன் மேலேயே மூன்று தடவை குப்பையை எழுதி, சுவடே இல்லாமல் அழிக்கும் கட்டளை ஒன்று உண்டு. அதைத் தட்டினாள்.

என்டர்.

முடிந்தது. தம்பி பிழைத்தான்.

திரையையும் துடைத்துவிட்டு நிமிர்ந்தபோது இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தார். முதல் முறையாகச் சிரித்தார்.

"நல்ல சேதி மேடம். சரியா பத்து மணிக்கு உங்க தம்பி கேட்டத் தாண்டிப் போயிருக்கான். பன்னெண்டுக்குத்தான் திரும்பியிருக்கான். கேட் கேமரால தெளிவா இருக்கு. அந்த ரெண்டு மணி நேரத்துல யாராவது இந்தப் பெட்டியில உட்கார்ந்து பதிவ அழிச்சிருந்தா, அவன் கொலைகாரன் இல்ல. இப்பவே விட்டுடறேன். அழிச்ச நேரம் இதுல எங்கயாவது இருக்குமா?"

தம்பி இல்லையென்றால்... அந்த வித்தை வேறு யாருக்குத் தெரியும்?

ஆப்பிள். கத்தி. சிரிப்பு.

ஸ்பேஸ் இருக்கிறது என்று அவள் சொன்னபோது, 'அதனால என்ன?' என்று கணவன் கேட்கவே இல்லையே!

"மேடம், இருக்குமா?"

"இருந்துச்சு சார்."

"இருந்துச்சுன்னா?"

"நான் அழிச்சுட்டேன்."

இன்ஸ்பெக்டரின் சிரிப்பு காணாமல் போனது. மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். இரண்டு நாற்பது. கான்ஸ்டபிளிடம், "வண்டிய எடுக்கச் சொல்லு" என்றார்.

ஜன்னலுக்குக் கீழே தம்பியை ஜீப்பில் ஏற்றினார்கள். அவன் மேலே பார்த்தான். அக்கா இருக்கிறாள் என்ற தைரியம் அவன் முகத்தில். அவளால் அதைப் பார்க்க முடியவில்லை. இனி அவள் என்ன சொன்னாலும், தம்பிக்காக அக்கா அளக்கிற கதை. அவ்வளவுதான்.

"ஏம்மா," என்றார் இன்ஸ்பெக்டர். "அழிக்கறதுக்கு முன்னால கம்ப்யூட்டர் 'நிச்சயமா?'ன்னு ஒரு வார்த்தை கேக்குமே?"

"கறுப்புத்திரை எதையும் கேக்காது சார். சொன்னத அப்படியே செஞ்சுடும்."

கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"புருஷன் சொன்னா நானும் அப்படித்தான்."