சாப்பிட வாங்கோ

படகோட்டி ஜுனைதீன் நானாவின் வள்ளம் அவர்களை இறக்கிவிட்டுத் திரும்பியபோது மணல்திட்டில் வெயில் நன்றாக ஏறியிருந்தது. மரமில்லை, புதரில்லை. ஒரு முனையில் நின்றால் மறுமுனையும் அதற்கப்பால் கடலும் தெரியும். வங்காலையிலிருந்து வந்த றொஷேலும் பிரசாந்தனும் புதுத் தம்பதி. இரவு இங்கே கூடாரமடித்துத் தங்கிவிட்டுக் காலையில் போவதாகத் திட்டம்.

சமையலை றொஷேல் வீட்டிலேயே பாதி முடித்துக்கொண்டு வந்திருந்தாள். வெங்காயமும் பச்சைமிளகாயும் வெட்டியாகிவிட்டது. வறுத்த மாவில் உப்பும் கலந்தாகிவிட்டது. மதியத்துக்குப் பேக்கரிப் பாணும் கோழிப் பிரட்டலும், சூடாக்கினால் போதும். பின்னேரம் தகரத்தில் அடைத்த ரின்மீன் போட்ட நூடில்ஸ். காலையில் புட்டு.

சிறிய காஸ் அடுப்பில் பிரட்டல் கொதிக்கத் தொடங்கியது. பிரசாந்தன் தண்ணீரோரம் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தான். அப்போது கூடாரத்துக்குப் பின்னால் யாரோ செருமினார்கள். நானா எதையோ மறந்துவிட்டுத் திரும்பியிருக்கிறார் என்று நினைத்து, அவள் கரண்டியைக்கூட வைக்காமல் குரல் கொடுத்தாள்.

“வாங்கோ நானா, சாப்பிட்டிட்டுப் போங்கோ.”

எழுந்து எட்டிப் பார்த்தாள். யாருமில்லை. கடலில் வள்ளமும் இல்லை.

திரும்பி வந்தபோது சட்டியின் மூடி மணலில் கிடந்தது. கொதித்துக்கொண்டிருந்த பிரட்டலின் நடுவே, ஐந்து விரல்கள் ஆழமாக அள்ளிய பள்ளம்.

“இஞ்சேருங்கோ, சட்டிக்குள்ள கை வைச்சனீங்களோ?”

“கொதிக்கிற சட்டியில ஆரப்பா கை வைக்கிறது?” என்று சிரித்துக்கொண்டே வந்த பிரசாந்தன், அவள் காட்டிய இடத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினான்.

சட்டிக்குப் பக்கத்தில் ஈரக் காலடிகள். கடலிலிருந்து கூடாரம்வரை வந்திருந்தன.

திரும்பிப் போகவில்லை.

அவன் உடனே நானாவுக்கு அழைத்தான். “காத்து எழும்பிட்டு தம்பி, இப்ப வள்ளம் இறக்கேலாது. காத்து விழுந்த உடன வாறன்” என்ற குரல் இரைச்சலில் அறுந்தது. பிறகு போனில் சிக்னலே இல்லை.

பிற்பகல் முழுக்கக் காற்று மணலை அள்ளி வீசியது. அலை ஏற ஏறத் திட்டு ஒடுங்கிக்கொண்டே வந்தது. ஓடுவதற்கு இடமில்லை. இருவரும் கூடாரத்துக்குள் ஒடுங்கி, வாசல் சிப்பை இழுத்துப் பூட்டி, சாப்பாட்டுப் பைகளை நடுவில் வைத்துக்கொண்டார்கள். பசித்தது. அடுப்பைப் பற்றவைக்க இருவருக்குமே துணிவில்லை.

பொழுது சாயும் நேரம், ஊறிக் கெட்ட பாசியின் நாற்றம் வந்தது.

கூடாரத் துணி மெல்ல உள்ளே புடைத்தது. வெளியே யாரோ முதுகைச் சாய்த்துக் குந்தியிருந்தார்கள்.

“இன்னும் வேகேல்லையோ?”

தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோன்ற கரகரத்த குரல். றொஷேல் கழுத்துச் செபமாலையை இறுகப் பிடித்தாள்.

“ஆர் நீங்கள்?” என்றான் பிரசாந்தன். “என்ன வேணும்?”

“அவதானே கூப்பிட்டவ.”

றொஷேல் அழுதுகொண்டே சிப்பைச் சற்றுத் திறந்து, பாணைத் தள்ளினாள். பிறகு மாவை, நூடில்ஸை, ரின்மீனை. வெளியே உறைகள் கிழிந்தன. தகரம் பல்லில் நெரியும் சத்தம் கேட்டது. அது நின்றதும் மூச்சு மட்டும் துணியருகே வந்தது.

“இனி?”

“ஒண்டும் இல்லை,” என்றாள் அவள். “உண்மையா ஒண்டும் இல்லை.”

அது போகவில்லை. விடியும்வரை துணி புடைத்தபடியே இருந்தது.

வெளிச்சம் வந்தபின் காற்று விழுந்தது. வள்ளத்தின் சத்தம் கேட்டதும்தான் துணி தளர்ந்தது. கூடாரத்தையும் சட்டியையும் அப்படியே விட்டுவிட்டு இருவரும் இடுப்பளவு தண்ணீரில் ஓடி ஏறினார்கள்.

பாதி வழியில் ஜுனைதீன் நானா விளிம்பை எட்டிப் பார்த்து முகம் சுளித்தார்.

“என்ன தங்கச்சி, ஒரு சாமானும் கொண்டுவரேல்லைதானே? வள்ளம் ஏன் இப்பிடித் தாழுது?”

றொஷேல் பிரசாந்தனின் கையை விடாமல் பிடித்திருந்தாள்.

கரை வந்தது. நானா முதலில் குதித்துக் கயிற்றை இழுத்தார். பிரசாந்தன் இறங்கினான். றொஷேலும் இறங்கித் திரும்பிப் பார்த்தாள். வள்ளம் இன்னும் தாழ்ந்தே நின்றது.

பிறகு, யாரோ காலெடுத்து வைப்பதுபோல், மெல்ல அவள் பக்கம் சரிந்தது.

பாரம் இறங்கி, லேசாகி, நிமிர்ந்து நின்றது.