நுனியில் நிற்பவள்

அறிவியல் கண்காட்சியில் எனக்குக் கிடைத்த வேடம் டெலோமரேஸ். பெயரைக் கேட்டதும் பெரிய பதவி என்று வீடெல்லாம் தம்பட்டம் அடித்துவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, அது குரோமோசோமின் நுனி தேயத் தேய வளர்த்துவிடும் நொதி; எனக்கு மேசை ஓரத்தில் நின்று நுனிக்கு மணி கோக்கும் வேலை!

எங்கள் மணிச்சரம்தான் குரோமோசோம். நடுவில் தங்க மணிகள். அவை உடம்புக்கான குறிப்புகள். இரண்டு நுனியிலும் ஒரே வரிசை: இரண்டு சிவப்பு, ஒரு நீலம், மூன்று பச்சை. மறுபடியும் அதே.

"நுனியை வெட்டிடலாம். சொன்னதையே சொல்லிட்டு இடத்தை அடைக்குது" என்றாள் வகுப்புத் தலைவி.

"எங்கம்மாவும்தான் 'பல் தேய்ச்சியா'ன்னு சொன்னதையே சொல்றாங்க. அதனாலதான் எனக்குப் பல்லே இருக்கு. வெட்டாதே!" என்றேன்.

சரக்! நுனியோடு என் பதவியும் போயிற்று.

"உனக்கு இனி வேலை இல்ல. போ."

"போக மாட்டேன்!"

மேசைக்கு அடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, உருண்டோடிய மணிகளைப் பொறுக்கிக் கோத்தேன்.

சின்ன வகுப்புப் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். ஒரு செல் இரண்டாகும்போது குரோமோசோம் நகலாவதை எங்கள் அணி செய்து காட்டியது. சரத்தின் நுனிகளைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, பார்த்துப் பார்த்துப் புதுச் சரம் கோக்க வேண்டும். விரலுக்கு அடியில் இருப்பது நகலில் வராது. நிஜச் செல்லிலும் இப்படித்தான், ஒவ்வொரு முறையும் நுனியில் கொஞ்சம் விடுபடும்.

இரண்டாவது நகலிலேயே ஒரு வாண்டு கேட்டது: "அக்கா, ஓரத்துத் தங்க மணியெல்லாம் எங்க?"

தலைவியின் முகம் சுருங்கியது. 'நல்லா வேணும்' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"முதல் சரத்தைக் கொடு, சீக்கிரம்!"

அதன் இரு பக்கமும், நான் கோத்து வைத்திருந்த நுனியைக் கட்டினேன். மறுபடி நகலெடுத்தார்கள். விரலுக்கு அடியில் நுனி மணிகள்தான் விடுபட்டன. நான் உடனே புது மணி கோத்து நீட்டினேன். எத்தனை நகல் எடுத்தும் தங்கம் அப்படியே இருந்தது.

"எல்லாச் செல்லுலயும் நீங்க இருப்பீங்களாக்கா?"

"வேற செல்களை உருவாக்குற ஸ்டெம் செல் மாதிரி சிலதுல வேலை செய்வேன். நிறைய செல்லுல தூங்கிடுவேன்."

"வகுப்புலயும்தான்" என்றாள் தலைவி. சிரித்துவிட்டாள்.

அப்போது கேமராவோடு ஓவிய சார் வந்தார். "தங்க மணி மட்டும் போதும். ஓரத்துல நிக்கிற பொண்ணு, நகரும்மா."

"நகர மாட்டேன், சார்."

"அவ நகர்ந்தா நாங்களும் நகர்ந்துடுவோம், சார்" என்றாள் தலைவி, இடுப்பில் கை வைத்து.

கடைசியில் நகர்ந்தது சார்தான். நுனி வரைக்கும் படத்தில் விழ, பின்னோக்கி, முதுகு சுவரில் இடிக்கும் வரை.