அக்காவுக்கு வலி போன பிறகு

அக்கா கதவைச் சாத்திவிட்டு, சுவரைப் பிடிக்காமலே குனிந்து செருப்பைக் கழற்றினாள். "அம்மாடி" என்று சொல்லவில்லை.

அடுப்படியில் நின்ற தங்கைக்கு அது உடனே பிடிபடவில்லை. வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்த மோட்டார் நின்றுபோனால் காதில் ஒரு வெறுமை தட்டுமே, அதுபோல ஏதோ குறைகிறது என்று மட்டும் பட்டது. இருவருக்கும் ஒரே தொழிற்சாலை, ஒரே லைன். மேஜை மின்விசிறிகளுக்கு மோட்டார் மூடி பொருத்தும் வேலை. தலைக்கு மேலே தொங்கும் ஸ்க்ரூ கன்னை இழுத்து, மூடியின் நாலு மூலையிலும் திருகை முடுக்கி, கன்னை மேலே விட்டுவிட வேண்டும். மறுபடி இழுக்க வேண்டும். நாள் முழுக்க அதுதான். சாயங்காலம் வீடு வந்ததும் செருப்பைக் கழற்றும்போது ஒரு அம்மாடி, பாயில் உட்காரும்போது ஒரு அம்மாடி என்று முனகி முடித்த பிறகுதான் அக்காவுக்கு வாயே திறக்கும். திறந்தால் சூப்பர்வைசருக்கு அர்ச்சனை.

"அந்தாளுக்கு முதுகெலும்பே கிடையாதுடி. அதான் முதுகு வலிக்குதுன்னா அவருக்குப் புரியவே மாட்டேங்குது."

தங்கை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். பிறகு ஒருவர் தோளுக்கு மற்றவர் தைலம் தேய்த்துவிடுவார்கள். அந்த வீட்டில் தலையணை உறை, துண்டு, போர்வை எல்லாவற்றிலும் தைல வாடைதான்.

அன்று அக்கா மட்டும், தொழிற்சாலைக்குப் புதிதாக வந்திருக்கும் நர்ஸம்மாவிடம் தோளைக் காட்டிவிட்டு வருகிறேன் என்று பின்தங்கியிருந்தாள்.

"வாக்கா, முதல்ல உனக்குத் தேய்ச்சு விடறேன்."

"வேணாம் குட்டி. வலி இல்ல."

"கொறைஞ்சிருக்கா?"

"இல்லவே இல்ல."

நம்பாமல் அவள் அக்காவின் வலது தோளில் விரலை வைத்தாள். எலும்புக்குப் பக்கத்தில் ஒரு முடிச்சு இருக்கும். கண்ணை மூடிக்கொண்டே கண்டுபிடித்துவிடுவாள். அதைக் காணோம். அழுத்திய இடமெல்லாம் தலையணைபோல அமுங்கியது. தோல் சில்லென்று இருந்தது. அக்கா முகத்தைச் சுளிக்கவில்லை, நெளியவில்லை, 'மெதுவா, மெதுவா' என்று கையைத் தட்டிவிடவும் இல்லை. நிமிர்ந்து உட்கார்ந்து எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று தங்கைக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

மறுநாள் காலையில் கொதிக்கும் பாத்திரத்தை அக்கா துணி பிடிக்காமல் வெறுங்கையால் இறக்கி வைத்தாள். அவசரமே இல்லாமல். தங்கை அலறிக்கொண்டு ஓடி, அக்காவின் கைகளைக் குழாய்க்கடியில் பிடித்தாள். உள்ளங்கை சிவந்து வெந்திருந்தது. அக்கா அதை வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"சுடலையாக்கா?"

"லைனுக்கு நேரமாச்சு" என்றாள் அக்கா.

லைனில் அக்காவை இப்போது யாராலும் எட்டிப் பிடிக்க முடியவில்லை. தோளைத் தேய்த்துக்கொள்ள நிற்பதில்லை. தண்ணீர் குடிக்கப் போவதில்லை. கை மேலே போவதும் கீழே வருவதும் ஒரே சீராக இருந்தன. சூப்பர்வைசர் பின்னால் கை கட்டி நின்று ரசித்துவிட்டு, அந்த வாரமே எல்லாருடைய டார்கெட்டையும் ஏற்றினார்.

"ஒருத்தியால முடியுதுல்ல? மத்தவங்களுக்கு என்ன கேடு?"

கழிவறையில் கண்ணாடிக்காரி தங்கையை மறித்தாள். மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு லைனின் கடைசியில் நிற்பவள். வழக்கமாக அதிர்ந்து பேசமாட்டாள்.

"உங்கக்கா நல்லா இருக்கட்டும்மா. எங்களுக்கெல்லாம் கை போச்சு."

இவள் கையும்தான் போய்க்கொண்டிருந்தது. கட்டைவிரலிலிருந்து மணிக்கட்டுக்கு, மணிக்கட்டிலிருந்து முழங்கைக்குப் பழுக்கக் காய்ச்சிய கம்பி ஒன்றை யாரோ தள்ளிக்கொண்டே இருப்பதுபோல வலித்தது. டம்ளர் நழுவியது. தலைவார முடியவில்லை. ஒரு ராத்திரி வீட்டில் பாட்டில் மூடி ஒன்றைத் திறக்க வழியில்லாமல் பல்லால் கடித்துப் பார்த்து, ஆத்திரத்தில் பாட்டிலைச் சுவரில் அடித்தாள்.

"கொஞ்சம் மெதுவாத்தான் செஞ்சா என்னக்கா? எல்லாரும் என்னைத் தின்னுடற மாதிரி பாக்கறாங்க!"

"ஏன்?"

"ஏனா? என் கையைப் பாரு!"

அக்கா பார்த்தாள். வீங்கிய மணிக்கட்டைச் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். வலியோடு சேர்ந்து வசவும் போய்விட்டது. சிரிப்பும் போய்விட்டது.

"ஒரே ஒரு தடவை அந்தாளைத் திட்டேன்க்கா." இடது கையால் அக்காவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "முன்ன மாதிரி."

"எதுக்கு?" என்றாள் அக்கா.

"சரி, அந்த நர்ஸம்மா உன்னை என்னதான் பண்ணாங்க?"

"படுக்கச் சொன்னாங்க. படுத்தேன். எந்திரிச்சேன்."

மறுநாள் மதியத்துக்குள் தங்கையின் திருகுகள் கோணலாக இறங்க ஆரம்பித்தன. மோட்டார்கள் முன்னால் தேங்கின. சூப்பர்வைசர் வந்தார்.

"மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டா வேலை நடக்குமா? போ, நர்ஸம்மாகிட்ட காட்டிட்டு வா. அக்கா மாதிரி ஆயிடலாம்."

அக்காவின் முதுகைத் தாண்டித்தான் போக வேண்டும். அக்கா திரும்பவில்லை.

முன்பெல்லாம் முதலுதவி அறை என்றால் ஒரு பூட்டிய அலமாரியும், எங்கே வலித்தாலும் அடிக்கிற ஒரே ஸ்ப்ரேயும்தான். இப்போது சுத்தமாக இருந்தது. லைனைப் பார்த்த பெரிய கண்ணாடிச் சன்னல். அதையொட்டி ஒரு கட்டில். கட்டிலுக்கு அந்தப் பக்கம் அறையின் முழு நீளத்துக்கும் பச்சைத் திரை. தைல வாடை. அதற்கடியில் வேறொரு வாடையும் இருந்தது: வெகுநாள் படுத்தே கிடப்பவர்களின் வேர்வை வாடை.

"எங்கம்மா வலிக்குது?" என்று நர்ஸம்மா கேட்டார்.

எவ்வளவு காலம் ஆயிற்று, இப்படி ஒருவர் கேட்டு! அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. மணிக்கட்டைக் காட்டினாள். முழங்கை, கழுத்து, பாதம், எல்லாவற்றையும் காட்டினாள். நர்ஸம்மா பொறுமையாகக் கேட்டு, அவளைப் படுக்க வைத்து, கையை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டார்.

"கண்ணை மூடிக்கோ. சீக்கிரம் முடிஞ்சிடும்."

மூடிக்கொண்டாள். லைனில் மோட்டார்களை நகர்த்தும் பெல்ட்டின் சத்தம் மெல்லத் தொலைவுக்குப் போனது. அறைக்குள் யாரோ மூச்சு விடுவது கேட்டது. ஒருவர் இல்லை. பலர்.

"அம்மாடி."

கண்ணைத் திறந்தாள். கண்ணாடிக்கு அப்பால் அக்கா நின்றிருந்தாள். முதுகு நேராக. ஸ்க்ரூ கன்னை இழுத்தாள்.

"அம்மாடி."

குரல் திரைக்குப் பின்னாலிருந்து வந்தது. அக்கா மறுபடி இழுத்தாள். திரை மறுபடி முனகியது.

அவள் இடது கையை நீட்டித் திரையை இழுத்தாள்.

வரிசையாகக் கட்டில்கள். ஒவ்வொன்றிலும் மற்ற லைன்களில் பார்த்த யாரோ சுருண்டு கிடந்தார்கள். பக்கத்துக் கட்டிலில் அக்கா. வலது தோளை இறுகப் பிடித்தபடி, உதடு வெடித்து, கண் உள்ளே போய். கன்னமெல்லாம் ஈரம்.

"நீ ஏன்டி வந்தே?" என்றாள். அக்காவேதான். வசவும் வலியும் எல்லாம் இருந்த அக்கா. "எந்திரி குட்டி. ஓடு."

"முடிஞ்சுதும்மா" என்றார் நர்ஸம்மா. "எந்திரிக்கலாம்."

எழுந்திருக்கப் பார்த்தாள். கை ஊன்றவில்லை. கால் வரவில்லை. வலி அப்படியே இருந்தது. கொஞ்சமும் குறையாமல்.

ஆனால் அவள் கிடந்த கட்டிலிலிருந்து யாரோ ஒருத்தி எழுந்தாள்.

அவளுடைய பின்னல். அவளுடைய சட்டை, அதே வேர்வைக் கறை. எழுந்தவள் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"வலி இருக்கா?"

"இல்ல நர்ஸம்மா."

அவளுடைய குரல்தான். அவள் கத்தினாள். எழுந்தவள் திரும்பிப் பார்க்கவில்லை. கையை லேசாக வீசி நடந்து போனாள். கதவு சாத்திக்கொண்டது.

கண்ணாடிக்கு அப்பால் சூப்பர்வைசர் புன்னகையோடு வழிவிட்டார். எழுந்தவள் லைனில் தன் இடத்தில் நின்றாள். வலது கை மேலே போனது. இழுத்தது.

கட்டிலில் கிடந்தவளின் மணிக்கட்டில் திருகு இறங்கியது.

இரண்டாவது.

மூன்றாவது.

சூப்பர்வைசர் கண்ணாடிக்காரியின் தோளைத் தொட்டு, முதலுதவி அறைப் பக்கம் கை காட்டினார். பிறகு குனிந்து பெல்ட்டின் வேகத்தைக் கூட்டினார்.