சுவருக்குள் பிடித்த முனை

அளவு டேப்பின் மறுமுனை எப்போதும் வெடுக் வெடுக்கென்று இரண்டு முறை இழுபடும். பிடித்துவிட்டேன் என்று அர்த்தம். இன்றைக்கு அப்படி இல்லை. தடவிப் பார்ப்பதுபோல மெதுவாக ஒரு இழுப்பு. வெகுநேரம் கழித்து இன்னொன்று.

இன்னும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறான் என்று நினைத்தாள்.

பழைய கட்டடங்களை அளந்து வரைபடம் போடுவது புருஷன் பெண்டாட்டி இருவருக்குமே தொழில். சண்டை வந்தால் பேச்சு நிற்கும், வேலை நிற்காது. டேப் இழுப்பிலேயே பொழுதை ஓட்டிவிடுவார்கள். ஆனால் இன்று காலை அவன் துணிமணியைப் பெட்டியில் அடுக்கியிருந்தான். அவன் போய்விடுவானோ என்று அவள் டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விக்டோரியா காலத்து வங்கி அது. வாசலில் கட்டிப்பிடித்தாலும் கைக்கு அடங்காத தூண்கள், குவிமாடத்தின் வண்ணக் கண்ணாடி வழியே கசங்கி இறங்கும் மத்தியான வெளிச்சம், வெறிச்சோடிய தேக்குக் கவுண்டர்கள், எங்கும் ஈரச் சுண்ணாம்பு வாசனை. அவள் நின்றது நடுவிலிருந்த பெட்டக அறையில். திருடன் சுவரைத் துளைத்துக் கன்னம் வைக்காமலிருக்க அதற்கு இரட்டைச் சுவர். இரண்டுக்கும் நடுவே காவல்காரன் ஒருக்களித்து நடக்கிற அளவுக்கு ஒரு சந்து. காற்றுக்காக விட்டிருந்த சின்னத் துளை வழியே டேப்பை நுழைத்திருந்தாள். அந்தப் பக்கம், சந்துக்குள், அவன்.

துளையருகே வாயைக் கொண்டுபோனாள். "கோவமா?"

டேப் லேசாக அசைந்தது.

"தப்பு என் மேலதான். என்னை விட்டுட்டுப் போயிடாத. இங்க வா. என் கூடவே இரு."

சுவருக்குள் துணி உரசுகிற சத்தம். வெடுக். வெடுக். நிம்மதியில் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"யார்கிட்ட பேசிட்டிருக்க?"

முதுகுக்குப் பின்னால். கதவருகே அவன் வியர்த்து நின்றான்.

"நீ... உள்ள இல்லையா?"

"எப்படிப் போறது? சந்து வாசலச் செங்கல் வச்சு அடைச்சுட்டாங்க, பல காலமாச்சாம். வேற வழி இருக்கான்னு வாட்ச்மேனத் தேடிப் போனேன். உன்கிட்ட சொல்லத்தான் வாய் வரல."

அவன் பார்வை அவளைத் தாண்டிப் போனது. முகம் வெளுத்தது. அவள் மெல்லத் திரும்பினாள்.

டேப் தொய்ந்திருந்தது. துளையின் விளிம்பில் ஒரு விரல். சுண்ணாம்பு அப்பிய விரல். அப்புறம் இன்னொன்று. டேப்பைத் தடவித் தடவி அவள் கையை வந்து சேர்ந்தன. பிடித்துக்கொண்டன. இதமாக.

"ஏய்..."

 கூடத்தின் கல்தரையில் அவன் ஓடுகிற சத்தம் மட்டும். தூரத்தில். இன்னும் தூரத்தில். தெருக்கதவு அறைந்து மூடியது.

எலுமிச்சம்பழம்கூட நுழையாத அந்தத் துளையிலிருந்து முழங்கை வந்தது. பிறகு, சுண்ணாம்பு உதிர உதிர, தோள்.