வாலா என்றால் இடது

“தோ” என்று ஜெரிலின் குரல் கொடுத்தாள்.

அவளுடைய அணிப் பெண்கள் உடனே இடப்பக்கம் ஓடினார்கள். பந்தும் இடப்பக்கம் பறந்தது. ஆனால் அவர்களுக்கு முன்பே அங்கே பச்சைச் சட்டை அணிந்த ஒருத்தி வந்து நின்றிருந்தாள். வெளியூரிலிருந்து வரும் விருந்தாளியைப் பேருந்து நிலையத்தில் வரவேற்பவளைப் போல அவள் பந்தை இரு கைகளாலும் வாங்கிக்கொண்டாள். பிறகு எதிர்த்திசையில் ஓடிப்போய்க் கூடையில் போட்டாள்.

அடுத்த முறை ஜெரிலின் “சியா” என்றாள். பெண்கள் வலப்பக்கம் ஓடினார்கள். அங்கேயும் ஒரு பச்சைச் சட்டை காத்திருந்தது.

சீன வம்சாவளிப் பிள்ளைகளுக்காக மணிலாவின் பினோண்டோவில் ஆண்டுதோறும் நடக்கும் கூடைப்பந்துப் போட்டி அது. பல தீவுகளிலிருந்தும் அணிகள் வரும். தூரத்துத் தீவு ஊரான தக்லோபானின் சிறுமியர் அணி முதல் இரண்டு ஆட்டங்களிலும் தோற்றிருந்தது. இது மூன்றாவது ஆட்டம். அவர்களுக்குக் கடைசி ஆட்டமும் இதுதான். பச்சைச் சட்டைக்காரர்கள் உள்ளூர் அணி.

தக்லோபான் அணியை அழைத்து வந்தவர் ஓங் அப்பே. அப்பே என்றால் பெரியப்பா. சந்தையில் அரிசிக் கடை வைத்திருப்பவர்; ஊர்ச் சீனர் சங்கத்தின் தலைவரும் அவரே. புறப்படும்போது பேருந்துப் படியில் நின்றுகொண்டு அவர் ஒன்று சொல்லியிருந்தார்.

“ஒரே ஒரு ஆட்டமாச்சும் ஜெயிச்சிடுங்கம்மா. இல்லேன்னா அடுத்த வருஷம் பையன்களை மட்டும் அனுப்பினாப் போதும்னு சங்கத்துல பேசிக்கிறாங்க. நான் ஒருத்தன் என்னத்தைச் சொல்லி மறுக்கறது?”

பேருந்திலும் படகிலுமாக ஒரு பகலும் ஓர் இரவும் நீண்ட பயணத்தில், அந்தச் சொற்களும் அவர்களோடு இருக்கை பிடித்து உட்கார்ந்து வந்தன.

இடைவேளை விசில் ஒலித்தபோது தக்லோபான் பெண்கள் பத்துப் புள்ளிகள் பின்தங்கியிருந்தார்கள். பயிற்சியாளர் ஜெப்சன் தலையைச் சொறிந்துகொண்டார். கல்லூரியில் படிக்கும் இளைஞர் அவர். பெண்கள் எல்லோருக்கும் அவர் அஹியா, அதாவது அண்ணன்.

“நீங்க லேட்டா ஓடுறீங்க” என்றார் அவர்.

“இல்ல அஹியா” என்றாள் அணியிலேயே உயரமான டிரிக்ஸி. “பந்து வர்றதுக்கு முன்னாடியே நாங்க போயிடறோம். நாங்க போறதுக்கு முன்னாடி அவங்க போயிடறாங்க.”

“அதெப்படி? அவங்க என்ன ஜோசியமா பாக்கறாங்க?”

ஜெரிலின்தான் அணித்தலைவி. எந்தப் பக்கம் பந்து போக வேண்டும் என்று குரல் கொடுப்பது அவள் வேலை. அப்படியானால் தோல்வியும் தன் குரலிலிருந்துதான் வருகிறதோ என்று அவளுக்குத் தோன்றியது. அவள் தண்ணீர் குடிக்கப் போனாள்.

தண்ணீர்க் குடுவை அருகே பச்சை அணியின் தலைவி வெனிஸ் நின்றிருந்தாள். அவள் ஒரு குவளையில் தண்ணீர் பிடித்து ஜெரிலினிடம் நீட்டினாள். பிறகு, கொஞ்சம் தட்டுத் தடுமாறி, சீன மொழியில் பேசினாள்.

“தப்பா எடுத்துக்காத. இந்த மூணு நாளும் சீனத்துலதான் பேசணும்னு எங்க கோச் உத்தரவு. வீட்டுல பேசற மாதிரி டகாலோக் பேசினா பத்துத் தண்டால்.”

“இதுவரைக்கும் எத்தனை எடுத்த?”

“அதைக் கேக்காத. என் கை வலிக்குது.” வெனிஸ் சிரித்தாள். “ஏய், உன் தோ பக்கத்து ஷூ கயிறு அவுந்திருக்கு பாரு. மிதிச்சு விழுந்துடப் போற.”

ஜெரிலின் குனிந்து இடது காலைப் பார்த்தாள். கயிறு அவிழ்ந்துதான் கிடந்தது. முடிச்சுப் போடத் தொடங்கிய அவள் கை பாதியில் நின்றுவிட்டது.

தோ பக்கம்.

தக்லோபானில் மற்றப் பள்ளிகளோடு ஆடும்போது ‘தோ’வும் ‘சியா’வும் அவர்களுடைய பூட்டிய பெட்டி. எதிரணிக்குச் சீனம் தெரியாது. இடது எது, வலது எது என்று விழிப்பார்கள். அதே பெட்டியை இங்கேயும் பத்திரமாகத் தூக்கி வந்துவிட்டார்கள். இங்கே அதன் சாவி எல்லோரிடமும் இருந்தது.

ஜெரிலின் ஒரு ஷூவின் கயிற்றை இழுத்துக்கொண்டே ஓடினாள்.

“அஹியா, நம்ம ரகசிய பாஷை சீனம்தானே?”

“ஆமா. அதுக்கென்ன?”

“இது என்ன போட்டி?”

“சீனப் பிள்ளைங்க...” என்று தொடங்கிய ஜெப்சன் முடிக்கவில்லை. திறந்த வாயைக் கையால் மூடிக்கொண்டார். பிறகு, “மூணு நாளா ஒலிபெருக்கி வெச்சு அறிவிச்சுட்டுப் பந்து போட்டிருக்கோம்” என்றார்.

டிரிக்ஸி நெற்றியில் அடித்துக்கொண்டாள். அணியிலேயே சின்னவளான குளோயி மெல்லக் கேட்டாள். அவளுக்கு ஒன்பது வயது. சட்டை முழங்கால் வரை தொங்கியது.

“அப்போ கையால காட்டலாமா அக்கா?”

“கையில பந்து இருக்குமேடி” என்றாள் டிரிக்ஸி.

“நம்ம ஊர் வாராய் பாஷையில சொல்லுவோம்” என்றாள் ஜெரிலின். “நாம வீட்டுல திட்டு வாங்குற பாஷை. இடதுக்கு வாலா, வலதுக்கு துவோ. மணிலாப் பொண்ணுங்களுக்கு அது தெரியாது.”

பின்வரிசையில் உட்கார்ந்து பினாகோல் தின்றுகொண்டிருந்த ஓங் அப்பேயின் காதில் இது விழுந்தது. பினாகோல் என்பது தேங்காய்ச் சிரட்டையில் வைத்து வேகவைக்கும் கிழங்கு இனிப்பு. அவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

“என்னம்மா இது? சீனப் பிள்ளைங்க ஒண்ணாச் சேரணும்னுதானே இவ்வளவு தூரம் வர்றோம். இங்க வந்தா வாராய் பேசறது? நாலு பேர் என்ன நினைப்பாங்க?”

ஜெரிலின் தயங்கினாள். அவளுடைய அம்மா வாராய்க்காரர், அப்பா சீனர். எந்த மொழியை எங்கே பேசுவது என்று வீட்டில் யாரும் கோடு கிழித்ததில்லை.

“அப்பே, கடையில நீங்க எந்த பாஷையில பேரம் பேசுவீங்க?”

“வாராய்லதான். வேற எதுல பேசறது?”

“கோவம் வந்தா?”

“அதுவும்...” என்றவர் நிறுத்திக்கொண்டார்.

“அப்போ அதுவும் நம்ம பாஷைதானே, அப்பே.”

ஓங் அப்பே பதில் சொல்ல வாயைத் திறந்தார். பிறகு அதில் ஒரு கரண்டி பினாகோலைப் போட்டுக்கொண்டார். அதுவே அனுமதி என்று பெண்கள் எடுத்துக்கொண்டார்கள்.

இரண்டாம் பாதி தொடங்கியது.

“வாலா” என்று குரல் கொடுத்தாள் ஜெரிலின்.

தமிழ்க் காதுக்கு அந்தச் சொல் வலப்பக்கம் என்பது போலக் கேட்கும். வாராய் மொழியில் அது இடப்பக்கம். மணிலாவில் பேசும் டகாலோக்கிலோ அதற்கு ‘ஒன்றும் இல்லை’ என்று பொருள்.

பச்சை அணிப் பெண்கள் குழம்பிப்போனார்கள்.

“என்ன இல்லையாம்?” என்று ஒருத்தி கேட்டாள்.

“பந்து இல்லைங்கறாளோ?” என்றாள் இன்னொருத்தி. “கையில வெச்சுக்கிட்டேவா?”

அவர்கள் பேசி முடிப்பதற்குள் பந்து இடப்பக்கம் போய், டிரிக்ஸி கையில் ஏறி, கூடைக்குள் விழுந்துவிட்டது. அடுத்த ‘வாலா’வுக்கும் அதே கதைதான். ஜெப்சன் நாற்காலியின் நுனிக்கு வந்தார்.

அப்போதுதான் ஜெரிலின் முதன்முறையாக “துவோ” என்றாள்.

எல்லோரும் வலப்பக்கம் ஓடினார்கள். குளோயி மட்டும் இடப்பக்கம் ஓடினாள். அவளுக்காக வீசப்பட்ட பந்து ஆளில்லாத இடத்தில் விழுந்து, கோட்டைத் தாண்டி உருண்டு, பார்வையாளர் வரிசையில் ஒருவரின் செருப்பைத் தட்டிவிட்டு நின்றது. மறுபடியும் ‘துவோ’ வந்தது. மறுபடியும் குளோயி இடப்பக்கமே ஓடினாள்.

ஜெப்சன் நடுவரிடம் சிறிது நேரம் கேட்டு ஆட்டத்தை நிறுத்தினார்.

“உன் காது எங்கடி இருக்கு?” என்றாள் டிரிக்ஸி. “துவோன்னா வலது. பொறந்ததுல இருந்து கேக்கற வார்த்தை.”

“தெரியும்” என்றாள் குளோயி. அவள் கண்கள் நிறைந்துவிட்டன. “ஆனா ஆட்டத்துல தோன்னு கேக்குது. தோன்னா இடதுன்னு கால் ஓடிடுது. அஹியா, என்னை உக்கார வெச்சிடுங்க. என்னால எல்லாரும் தோத்துடுவோம்.”

ஜெப்சன் மாற்று ஆட்டக்காரியைத் திரும்பிப் பார்த்தார். ஜெரிலின் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஒரு நிமிஷம், அஹியா.” அவள் வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். தோ. துவோ. தோ. துவோ. வேகமாகச் சொல்லச் சொல்ல இரண்டும் ஒட்டிக்கொண்டன. அதிலும் ஒன்று சீனத்தில் இடப்பக்கம். மற்றொன்று வாராயில் வலப்பக்கம். இரண்டு மொழியும் தெரிந்த பிள்ளைக்கு அல்லாமல் வேறு யாருக்கும் இந்தத் தவறு வரவே வராது.

“குளோயி, தப்பு உன் காதுல இல்ல” என்றாள் ஜெரிலின். “வார்த்தையிலதான் இருக்கு. அதைத் தூக்கிப் போட்டுடலாம்.”

“அப்போ வலதுக்கு என்ன சொல்லுவ?” என்று கேட்டாள் டிரிக்ஸி.

“ஒண்ணும் சொல்ல மாட்டேன். பந்தைத் தலைக்கு மேல தூக்குவேன். அப்போ வாலான்னா இடது. வாயே திறக்கலைன்னா வலது. சரியா?”

குளோயி மூக்கை உறிஞ்சிக்கொண்டு தலையசைத்தாள்.

“அவளுக்கு இது சுலபம்” என்றாள் டிரிக்ஸி. “வாயைத் திறக்காம இருக்கணுமே, உனக்குத்தான் கஷ்டம்.”

ஈரக் கண்களோடு குளோயி சிரித்துவிட்டாள். டிரிக்ஸி தன் சட்டை நுனியால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டு, “காது அழகாத்தான் இருக்கு, போ” என்றாள்.

அதன் பிறகு ஆட்டத்தின் போக்கு மாறியது. பத்துப் புள்ளி இடைவெளி ஆறாகி, நான்காகி, கடைசியில் ஒன்றாகச் சுருங்கியது. ஆனால் வெனிஸும் சும்மா இருக்கவில்லை. அவள் ஜெரிலினின் வாயையே கவனித்துக்கொண்டிருந்தாள்.

“அவ வாலான்னா இடது” என்று தன் அணிக்குக் கத்தினாள். “கேட்டதும் எல்லாரும் இடது பக்கம் பாயுங்க.”

அதை அவள் டகாலோக்கில் கத்திவிட்டாள். ஓரத்தில் நின்ற அவளுடைய கோச் பத்து விரல்களையும் விரித்துக் காட்டினார்.

ஆட்டம் முடியும் தறுவாயில் பந்து ஜெரிலின் கையில் இருந்தது. இன்னும் ஒரு புள்ளி பின்னால்தான் இருந்தார்கள். அவள் பந்தைத் தலைக்கு மேல் தூக்கினாள். பச்சை அணி முழுவதும் இடப்பக்கம் பாயக் காலை ஊன்றிக்கொண்டு, அவள் வாயைப் பார்த்தபடி நின்றது. அவள் உதடுகளை இறுக மூடிக்கொண்டாள். வாலா வரும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.

குளோயி காத்திருக்கவில்லை. நீளச் சட்டை படபடக்க அவள் வலப்பக்கம் ஓடினாள். அங்கே அவளைத் தவிர யாரும் இல்லை. பந்து நேராக அவள் கைக்கு வந்தது. அவள் எம்பி வீசினாள். பந்து வளையத்தின் விளிம்பில் குதித்தது, இன்னொரு முறை குதித்தது, பிறகு மனம் மாறியதைப் போல உள்ளே விழுந்தது.

விசில் ஒலித்தது.

என்ன நடந்தது என்று குளோயிக்குப் புரிவதற்குள் டிரிக்ஸி அவளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டாள். ஜெப்சன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்ததில் நாற்காலி சாய்ந்து விழுந்தது. ஓங் அப்பே சிரட்டையை மடியில் கவிழ்த்துக்கொண்டதையும் மறந்து கை தட்டிக்கொண்டிருந்தார்.

ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணிகளுக்கும் நீண்ட மேசையில் வறுத்த நூடுல்ஸும் உள்ளே இறைச்சி வைத்து ஆவியில் வேகவைத்த வெள்ளை பாவ் ரொட்டியும் பரிமாறினார்கள். பத்துத் தண்டால் எடுத்துவிட்டு வந்த வெனிஸ் தன் தட்டை ஜெரிலின் பக்கத்தில் வைத்தாள்.

“கடைசியா என்ன சொன்ன? எனக்குக் கேக்கவே இல்ல.”

“வாலா.”

“பொய். வாலான்னா இடது. அந்தக் குட்டி வலது பக்கம்தான் ஓடினா.”

“இது எங்க வாலா இல்ல” என்றாள் ஜெரிலின். “உங்க மணிலா வாலா.”

வெனிஸ் ஒரு கணம் யோசித்தாள். பிறகு வாயில் நூடுல்ஸ் இருப்பதையும் மறந்து சிரிக்கத் தொடங்கினாள். குளோயி அவள் முதுகைத் தட்டிவிட வேண்டியதாயிற்று.

அந்த நேரம் போட்டியை நடத்தும் அம்மாள் தேநீர்க் கோப்பையோடு ஓங் அப்பேயின் அருகே வந்தார்.

“நல்லா ஆடினாங்க உங்க பொண்ணுங்க. ஆனா ஒண்ணு கேக்கணும். நடுவுல என்னவோ கத்தினாங்களே, அது எந்தப் பக்கத்துச் சீனம்? எனக்கும் நாலு ஊர்ச் சீனம் தெரியும். இது புதுசா இருக்கே.”

ஜெரிலின் மெல்லுவதை நிறுத்தினாள். மேசையின் அந்தப் பக்கத்தில் ஜெப்சன் தன் தட்டிலிருந்த பாவ் ரொட்டியை மிகுந்த அக்கறையோடு ஆராயத் தொடங்கினார்.

ஓங் அப்பே பினாகோல் கறையை மறைக்க மடியில் விரித்திருந்த கைக்குட்டையை எடுத்து, வாயைத் துடைத்து, முதுகை நிமிர்த்தினார்.

“அதுவா? அது தக்லோபான் சீனம்” என்றார் அவர். “அடுத்த வருஷமும் இந்தப் பொண்ணுங்க வருவாங்க. கேட்டுப் பழகிக்கோங்க.”