‘தனிமை’யைத் திருடியவன்

போன் அலறியது.

எஸ்.ஐ. ஜாஸ்மி பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்தாள். டி.எஸ்.பி.தான்... காலையிலிருந்து மூன்றாவது தடவை!

"வாட்ச்மேனை ரிமாண்ட் பண்ணியாச்சா?"

"சாயங்காலத்துக்குள்ள முடிச்சிருதேன் சார்."

வைத்தாள். எரிச்சல் மண்டைக்கு ஏறியது.

எதிரே செல்வதாஸ். முட்டம் கடற்கரை ரிசார்ட்டின் வாட்ச்மேன். ரிசார்ட் ஹாலில் இன்று திறப்பதாக இருந்த 'தனிமை' ஓவியத்தைக் காணோம். பூட்டு உடையவில்லை. சாவி இவரிடம்.

"நான் எடுக்கல்ல மேடம். உள்ள தள்ளினா பிறவு எவன் எனக்கு வேலை தருவான்?"

பக்கத்தில் ஓவியர் முத்துநாயகம்.

"வெறும் படமில்ல மேடம். மருத்துவாமலை, ஒத்தப் பனை, அதுக்கடியில எங்க அய்யாவழிக்காரங்க கும்பிடுத நிழல்தாங்கல். தாங்கலுக்குள்ள சாமி சிலை கெடையாது, கண்ணாடிதான்; அதனால நெசக் கண்ணாடியே பதிச்சிருக்கேன். எட்டிப் பாக்கவன் தன்னைத் தனியா பாக்கணும். விழா வரைக்கும் ஒருத்தரும் பாக்கப்பிடாதுன்னு நானே திரை போட்டு மாட்டினேன். இவன விட்டுராதீங்க."

ஜாஸ்மி கேமரா பதிவை மறுபடி ஓடவிட்டாள்.

எத்தனை தடவை பார்த்தாலும் அதே முதுகு! ரெயின்கோட், ஹெல்மெட். திரைக்கு முன் நிற்கிறான். ஹெல்மெட்டைக் கழற்றுகிறான். துண்டை எடுத்துத் தலையில் கட்டுகிறான். அப்புறம் திரையை விலக்குகிறான்... சனியன், ஒரு தடவை திரும்பித் தொலைத்தால் என்ன!

சட்டென்று நிறுத்தினாள்.

"செல்வதாஸ் அண்ணே, சர்ச்சுல ஜெபிக்கும்போ தலையில துண்டு கட்டுவியளா?"

"தலையில கெடந்தாலும் எடுத்துட்டுல்லா மேடம் ஜெபிப்போம்."

"தாங்கல்ல கண்ணாடி முன்னால நிக்கவங்கதான் கட்டுவாங்க. இல்லியா சார்?"

முத்துநாயகம் தலையாட்டினார். "ஆமா. எங்க ஆளுவ ஆயிரம் பேரு இருக்காங்க."

"இருக்கட்டும். ஆனா இவன் திரைய விலக்கதுக்கு முன்னயே கட்டிட்டானே. உள்ள கண்ணாடி உண்டுன்னு அவனுக்கு எப்படி தெரியும்?"

ஓவியரின் முகம் வெளுத்தது.

"படம் மாட்ட வந்த அன்னைக்கு சாவியும் உங்க கையிலல்லா இருந்து? அப்பவே கள்ளச்சாவி ஒண்ணு வெட்டிட்டிய."

முத்துநாயகம் குமுறினார்.

"தியான மண்டபம்னு சொல்லித்தான் ரிசார்ட்காரனுவ படத்த வாங்கினானுவ. இப்ப அந்த ஹால பார் ஆக்கப் போறானுவளாம். குடிச்சிட்டு ஏப்பம் விடதுக்கா நான் அந்தக் கண்ணாடிய வச்சேன்?"

ஜாஸ்மிக்கு இரக்கம் வந்தது. செல்வதாஸின் அழுத கண்ணைப் பார்த்ததும் போய்விட்டது.

"அதுக்கு இந்த மனுசன மாட்டி விடணுமா?"

முத்துநாயகம் தலைகுனிந்தார். "எனக்கு... கொஞ்சம் தனியா இருக்கணும் மேடம்."

"அது மட்டும் நடக்காது சார். லாக்கப்புல ஏற்கெனவே நாலு பேரு உண்டு."